கொலரை ஒருமுறைதான் பிரட்டலாம்

தம்பி, நாகேஸ்வரியை உன்னிடம் அனுப்ப எனக்கு விருப்பமில்லை. சுகம் விசாரித்துச் சுற்றி வளைத்துவிட்டுக் கடைசி வரியில் சொல்வது உன் அம்மாவுக்கு வராது. அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். கொழும்பில் அந்தத் தையல் தொழிற்சாலையில் நீ ஒரு பகுதிக்குப் பொறுப்பாக நிற்பது எனக்குச் சந்தோசம்தான். வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிற சேட் உன் கண்ணுக்கு முன்னால் மடித்துப் பெட்டியில் அடுக்கப்படுகிறது என்று எழுதியிருந்தாய். சேட்டின் கழுத்துக் கொலருக்கு நல்ல தையற்காரி கிடைக்கவில்லை, நாகேஸ்வரி அக்காவின் கொலர் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருகிற சனத்தோடு அவரைச் சேர்த்துவிடுங்கள், தங்குமிடம் நான் பார்க்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். போக வேண்டாமென்று நான் மறித்த நேரத்திலிருந்து அவள் எனக்கு முகம் தரவில்லை. நான் ஏன் மறித்தேன் என்பதைத்தான் இதில் எழுதுகிறேன். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு வேண்டுமானால் வாசித்துக் காட்டு. எனக்கு இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

நீ நிற்கிற மாதிரியான இடத்தில்தான் நானும் வேலை செய்தேன். எண்பத்துமூன்று ஆடி வரைக்கும் கொழும்பில் நாங்கள் இருந்த காலத்தில், காலையில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நான் போனது அங்கேதான். சேட்டுக்கு இடது கை பொருத்துவது என் வேலை. வலது கை எனக்குப் பக்கத்திலிருந்த பிள்ளைக்கு. கை இல்லாத உடம்பு ஒன்று இடப்பக்கமிருந்து வரும், ஒரு கையோடு அது வலப்பக்கம் போகும். அது எங்கே வெட்டப்பட்டது, எப்படி முடிந்தது, எவன் போட்டான் என்று ஒன்றும் தெரியாது. மற்றதையும் பழகலாமா என்று ஒருநாள் மேற்பார்வையாளனிடம் கேட்டேன். கையைப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் ஏன் அதைக் கேட்டேன் என்பதே அவனுக்கு விளங்கவில்லை.

பிறகு ஆடிக் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அகதிகளை ஏற்றிய கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, அங்கிருந்து புங்குடுதீவுக்கு அப்பாவின் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வந்து சில நாட்களுக்குள் அடுத்த ஒழுங்கையிலிருந்த வாத்தியார் வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து நின்றார்.

“பிள்ளை, நீர் கொழும்பில கார்மெண்டில வேலை செய்தனீரெல்லோ. என்ர மகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை ஒண்டு தைச்சுத் தாரும்.”

“எனக்கு வெட்டத் தெரியாது மாஸ்ரர். நான் கை மட்டும்தான் பொருத்தினனான்.”

“கை மட்டுமோ? அப்ப உடம்பு ஆர் தைக்கிறது? இவ்வளவு காலமும் தோட்டத்து வெருளிப் பொம்மைக்கே சட்டை தைச்சனீர்?”

அவர் பகிடியாகத்தான் சொன்னார். துணியைத் திருப்பி மடித்துக்கொண்டு போன விதம் பகிடியாக இல்லை. அன்று பின்னேரமே அப்பாவின் நல்ல சேட்டை எடுத்துச் சவரப் பிளேட்டால் ஒவ்வொரு தையலாக அறுத்துப் பிரித்தேன். முன்பக்கம், முதுகு, தோள்பட்டி, கை, கொலர் என்று பாய் முழுக்கப் பரப்பி, பிறவுண் பேப்பரில் வைத்துக் கோடு கீறினேன். அப்பா வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார்.

“எடியே, கலியாணம் காட்சிக்குப் போட எனக்கிருந்தது அது ஒண்டுதான். பிரிச்சுப் போட்டியே!”

“திருப்பித் தைச்சுத் தாறன்.”

“எப்ப?”

“தைக்கத் தெரிஞ்சாப் பிறகு.”

அடுத்த வருடம் நயினாதீவுக் கோயில் திருவிழாவுக்கு அவர் சால்வையோடு போனார். கோயிலுக்குள் ஆம்பிளைகள் சேட் போடுவதில்லை என்பதால் அந்தளவில் நான் தப்பினேன். எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. பிரித்தும் பிழைவிட்டும் திரும்பப் பிரித்தும்தான் படித்தேன். அப்பாவின் சேட் முழுசாக எழும்பி நின்றபோது இடது தோள் கொஞ்சம் ஏறியிருந்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தார்.

அதன்பிறகுதான் முன் அறையில் மெசின்கள் போட்டு, ஊர்ப் பெண்களைச் சேர்த்து, யாழ்ப்பாண ரவுணிலிருந்த ஒரு கடைக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். என் அறையில் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. துணியை வெட்டுகிறவளே தைத்து, பொத்தான் துளை போட்டுத் தெறி கட்டி, மடித்தும் கொடுக்க வேண்டும். ஊர்காவற்றுறையிலிருந்து பஸ்ஸில் வருகிற திரேசம்மா, புருசன் கடலுக்குப் போகிறவர், வலை பொத்துகிற கையால் தெறி கட்டுவாள். அவளுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கப் பழக்கியது நான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த அறையில் சுற்றித் திரிந்த உனக்குப் பழக்கியதும் நான். வேலை மெதுவாகத்தான் நடந்தது. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுழித்தார். அதற்காக நான் என் சட்டத்தை மாற்றவில்லை.

மாற்றியது உனக்காக. நீ கொழும்புக்குப் போய் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு எண்பத்தொன்பதில் திரும்பி வந்தபோது உன் கண்ணுக்கு என் அறை பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

“அம்மா, ஒருத்தியே முழுச்சேட்டும் தைச்சு முடிக்க விடிஞ்சிடும். ஆளுக்கொரு துண்டாப் பிரிச்சு லைன் போடுவம். ஒருத்தி கொலர், ஒருத்தி கை, ஒருத்தி தெறி. பிறகு பாருங்கோ வேகத்தை.”

“அவளவை மறந்துபோவாளவை.”

“என்னத்தை மறக்கிறது?”

“மிச்சத்தை.”

“மறந்தா என்னம்மா? மிச்சத்தைத் தைக்கத்தான் மற்ற ஆள் இருக்குதே.”

அதற்கு நான் அன்றைக்கு ஓம் என்று தலையாட்டினேன். நீ வளர்ந்த பிள்ளை, திரும்பக் கொழும்புக்கு ஓடிவிடுவாய் என்ற பயம். என்னுடைய பழைய பெண்களில் கலியாணமாகிப் போனவர்கள் போக, திரேசம்மா மட்டும் மிஞ்சியிருந்தாள். மற்றக் கதிரைகளுக்கு நீ புதிதாக ஆள் எடுத்தாய். அப்படி வந்தவள்தான் நாகேஸ்வரி. நயினாதீவிலிருந்து காலையில் மோட்டர் வள்ளத்தில் எங்கள் தீவின் குறிகட்டுவான் துறைக்கு வந்து, பஸ் பிடித்து எங்களிடம் வருவாள். வந்த நாளிலிருந்து அவளுக்குக் கொலர். அந்த மூலையை அவள் பிரட்டி எடுத்தால் ஊசிமுனை மாதிரி நிற்கும். நீ அதைக் கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டினாய். வேகம் வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கடைக்காரரும் சிரிக்கத் தொடங்கினார்.

மார்கழியில் பள்ளிக்கூடச் சேட்டுக்குப் பெரிய ஓடர் வந்தது. தை பிறக்கப் பள்ளிக்கூடம் தொடங்கும், அதற்குள் முடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கடல் குழம்பியது. நயினாதீவு வள்ளம் ஓடவில்லை. அடுத்த நாளும் ஓடவில்லை. நீ குறிகட்டுவான் இறங்குதுறையில் போய் நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன, எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறியள்?” என்று கேட்டார்.

“கழுத்து நயினாதீவில நிக்குது அண்ணை, உடம்பு இஞ்ச நிக்குது. கடல் விட்டாத்தான் பொருத்தலாம்,” என்றாள் திரேசம்மா.

அறை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இளம்பெண்கள், நல்ல கைகள், முன்னால் துணியும் மெசினும் இருக்க, ஒருத்தி கடலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதற்காகச் சும்மா இருந்தார்கள். நீ நனைந்துபோய்த் திரும்பி வந்தாய். நேரே நாகேஸ்வரியின் கதிரையில் உட்கார்ந்து கொலர் தைக்கத் தொடங்கினாய். திரேசம்மா தன் பங்குச் சேட்டுக் கைகளை ஒருபக்கம் வைத்துவிட்டு உனக்குப் பக்கத்தில் வந்திருந்தாள். முழுச்சேட் தெரிந்த நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து இழுத்து ஓடரை முடித்தோம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் கடைக்காரருக்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகமிருக்கிறதா? லைன் போட்டபடியால்தான் நேரத்துக்கு முடிந்தது என்று சொன்னாய். நானும் பக்கத்தில் நின்றேன். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்குச் செமிக்கவில்லை. அந்தக் கதிரையில் உன்னை இருத்தியது உன் லைன் இல்லை. உனக்குக் கொலரும் தெரியும், கையும் தெரியும், வெட்டவும் தெரியும் என்பதுதான் உன்னை இருத்தியது. இன்றைக்கு உன்னைப் பொறுப்பாக நிற்க வைத்திருப்பதும் அதுதான்.

அடுத்த வருடம் பிரச்சினை கூடியபோது நீ கொழும்புக்குப் போனாய். போகச் சொன்னதும் நான்தான், அதில் உன்னில் குறையில்லை. தொண்ணூற்றொன்றில் ஆமி வர, தீவே வெளிக்கிட்டது. மெசின்களின் கால்களை விட்டுவிட்டுத் தலைகளை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டி, வேலணைக் கரையில் வள்ளம் ஏறி அராலிப் பக்கம் இறங்கினோம். மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் திரேசம்மா, நாகேஸ்வரி வீட்டாருக்கும் இடம் கிடைத்தது. திரேசம்மா வகுப்பறை வாங்கு ஒன்றில் மெசின் தலையை இறுக்கி வைத்துவிட்டு, வந்த கிழமையே பிள்ளைகளின் காற்சட்டை வெட்டத் தொடங்கிவிட்டாள். நாகேஸ்வரி தாயோடு மூலையில் இருந்தாள். கொலர் மட்டும் தைக்க ஒருவரும் ஆள் தேடுவதில்லை, பட்டினிதான் கிடப்பாய் என்று அவளுக்குச் சொன்னேன்.

இனி எழுதப்போவதை நீ வாசித்துவிட்டுச் சிரிப்பாய். சிரி. நான் மறைக்கப் போவதில்லை. பொருட்களுக்குத் தடை போட்டதால் யாழ்ப்பாணத்துக்குள் துணி வருவது நின்றுபோனது. உத்தியோகத்தர்களும் வாத்திமாரும் வைத்திருந்த சேட்டுகளைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். சேட்டில் முதலில் தேய்வது கழுத்து மடிப்புத்தானே. அந்தக் கொலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே பிரட்டித் திரும்பப் பொருத்தினால் சேட் புதிது மாதிரி இருக்கும். நாகேஸ்வரி செய்தால் எது புதுப்பக்கம், எது பழைய பக்கம் என்று தெரியாது. ஆட்கள் அவளைத் தேடிச் சயிக்கிளில் வந்தார்கள். என்னைவிட, திரேசம்மாவைவிட அவளிடம் கூட்டம்.

“என்னக்கா, கொலர் மட்டும் தெரிஞ்சவள் பட்டினி கிடப்பாளெண்டு சொன்னீங்கள்?” என்று ஒருநாள் கேட்டாள்.

ஆனால் கொலரை ஒருமுறைதான் பிரட்டலாம் தம்பி. அதற்கு இரண்டு பக்கம்தான் இருக்கிறது. கொஞ்சக் காலத்தில் மற்றப் பக்கமும் தேய்ந்து அதே ஆட்கள் அதே சேட்டுகளோடு திரும்பி வந்தார்கள். இனிச் சேட்டின் பின் தொங்கலில் துணி எடுத்துப் புதுக்கொலர் வெட்ட வேண்டும். வெட்ட அவளுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் காட்டியிருப்பேன். அவள் கேட்கவில்லை, தன் பாட்டில் ஓர் அலுவலகக் கிளாக்கரின் சேட்டில் கத்தரிக்கோலை வைத்தாள். துணியின் ஓட்டம், அதன் நூல் போகிற திசை, பார்க்காமல் குறுக்காக வெட்டிவிட்டாள். கழுத்தில் ஏற்றியதும் கொலர் இழுபட்டுச் சுருண்டு நின்றது. புதுத்துணி ஒரு முழம்கூட வாங்க முடியாத ஊரில் ஒருவனுடைய நல்ல சேட் போய்விட்டது. அந்த மனுசன் ஏசவில்லை. இரண்டு கையாலும் அந்தச் சேட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பரவாயில்லைப் பிள்ளை,” என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். அவர் ஏசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அதன்பிறகு கத்தரிக்கோலைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். சேட்டுகளெல்லாம் திரேசம்மாவிடம் போயின.

நான் எத்தனையோ தரம் கூப்பிட்டேன். பேப்பரில் வெட்டிப் பழகு, பழஞ்சீலையில் வெட்டிப் பழகு என்றேன். வரவில்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் என் முன்னால் வந்து நின்றாள்.

“நான் போகப்போறன் அக்கா. நீங்கள் அந்தச் சனத்திட்டச் சொல்லி என்னைச் சேர்த்துவிடுங்கோ.”

“அங்கயும் கொலர்தானடி.”

“கொலரெண்டாலும் மாசம் முடியச் சம்பளம். அம்மாவுக்கு மருந்து வாங்கோணும்.”

“முதல் வெட்டப் பழகு. பழகினாப் பிறகு நானே கூட்டிக்கொண்டு போய் விடுறன்.”

“நீங்கள் பழக்கி முடிக்கிறதுக்கிடையில அம்மா செத்துப்போயிடும். முழுச்சேட் தெரிஞ்ச நீங்கள் என்ன மாளிகையோ கட்டினனீங்கள்? எனக்குப் பக்கத்துப் பாயிலதானே நீங்களும் படுக்கிறியள்!”

திரேசம்மா மெசினை நிறுத்திவிட்டாள். அப்பா வெளியே எழும்பிப் போனார். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் என் எண்ணம் மாறவில்லை. அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தின் முதல் வரியை எழுதினேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு நாலைந்து நாள் பேனாவைத் தொடவில்லை. அதற்கிடையில் அவள் என்னைக் கேட்காமல் தானே போய் அந்தச் சனத்தோடு கதைத்து, யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதற்கான பாஸும் எடுத்துவிட்டாள். தாயைத் திரேசம்மா பார்ப்பதாக ஏற்றுக்கொண்டாள். “நீங்கள் மறிச்சது சரிதான் அக்கா, அவள் போறதும் சரிதான். சண்டையை விடுங்கோ,” என்றாள் எனக்கு. இரண்டும் சரியாக இருக்க ஏலாது என்று நான் சொன்னேன். அவள் திரும்பவும் மெசினை மிதித்தாள்.

ஆகவே நாகேஸ்வரி வருகிறாள் தம்பி, என் சம்மதம் இல்லாமல். அவள் அங்கே வந்த பிறகு நான் சொல்வதற்கு உரிமை இல்லை என்று நினைக்காதே. உன் பதிலும் எனக்குத் தெரியும். அங்கே கடல் இல்லை, வள்ளம் இல்லை, ஒருத்தி வராவிட்டால் அடுத்த கதிரைக்காரி பார்ப்பாள், லைன் நிற்காது என்பாய். எனக்குப் பயம் அதில்தான். புங்குடுதீவில் அவள் வராத அன்றைக்கு ஒரு அறையே வேலை நிறுத்தி இருந்தது, நீ மழையில் நனைந்தபடி அவள் வருகிறாளா என்று இறங்குதுறையில் நின்றாய். உன் தொழிற்சாலையில் அவள் வராவிட்டால் யார் போய் எங்கே நிற்பார்கள்? ஒரு துண்டு மட்டும் தெரிந்தவளை, அதே துண்டு தெரிந்த இன்னொருத்தியைக் கொண்டு பின்னேரத்துக்குள் மாற்றிவிடலாம். அது உனக்கும் தெரியும், உன் முதலாளிக்கும் தெரியும். தெரியாதவள் அவள் மட்டும்தான். அவளுக்கு நல்ல சம்பளம் கொடுப்பது நன்மைதான். நாளைக்கு அங்கே மறுபடியும் ஒரு ஆடி வந்தால், அவள் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள் என்பதையும் நீ யோசிக்க வேண்டும். மெசின் முதலாளியுடையது. துணி வெளிநாட்டுக்காரனுடையது. அவளுடையது கையில் இருப்பது மட்டும்தான்.

உன் லைனை உடைக்கச் சொல்லவில்லை. அது உன் கையில் இல்லை என்பது எனக்கு விளங்கும். வேலை முடிந்த பிறகு வெட்டுமேசையில் கழிவுத்துணி கிடக்கும், நான் பார்த்திருக்கிறேன். அதில் அவளை நிறுத்து. நான் கூப்பிட்டு வராதவள் நீ கூப்பிட்டால் வருவாள், உன்னில் அவளுக்கு மதிப்பு இருக்கிறது. துணியின் ஓட்டம் எப்படிப் பார்ப்பது என்று முதலில் காட்டு. அவள் பிழைவிட்டது அதில்தான். கத்தரிக்கோல் பிடிக்கும்போது தயங்குவாள், நீ பார்க்காத மாதிரி நில். உன் தாயிடம் தோற்றுப்போய் இதைச் செய்வதாக நினைக்க வேண்டாம். இந்த விசயத்தில் நீ எனக்கு எதிராகக் கதைக்கலாம், எவ்வளவும் கதைக்கலாம். அவளுக்குப் பழக்கிவிட்டுக் கதை.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கிளாலிக் கடலேரியைக் கடக்க வள்ளத்துக்குக் காத்திருக்கும்போது வாசிக்கட்டும். தன்னைப் பற்றி நான் எழுதியதில் பிழையிருந்தால் உனக்கு அவளே திருத்திச் சொல்வாள்.

இப்போது பையோடு வாசலில் நிற்கிறாள். தாயைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு என்னோடு பேசியது இதுதான்.

“அக்கா, அங்க மற்றத் துண்டுகளையும் பழக விடுவினமோ?”

“அது எனக்குத் தெரியாது. தம்பியைக் கேள்.”

கேட்பாள். வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை அவள். மெசின் சத்தத்தில் கேட்கவில்லை என்று நின்றுவிடாதே.

அம்மா